இரண்டு நாற்காலிக் கடற்போர்

சாப்பாட்டு மேசைமேல் நீலத் துணியை விரித்து, விரல் நீளக் கப்பல்களை என் வீட்டுக்காரர் வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். உள்ளறையில் எங்கள் மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். புருஷன் அறைந்த கன்னம் வீக்கம் வடிந்து மஞ்சளாகியிருந்தது. இவருக்கு அன்றைக்கும் கடற்போர்.

பாய்மரக் கப்பல் காலத்துச் சண்டை அது. இந்தப் பக்கம் சிவப்புக் கொடி, அந்தப் பக்கம் பச்சைக் கொடி. எதிராளி கிடையாது, இரண்டுக்கும் இவரே தளபதி. சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து எந்தக் கப்பல் எங்கே திரும்ப வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்பார். பிறகு எழுந்து மேசையைச் சுற்றிப் போய், பச்சை நாற்காலியில் உட்கார்ந்து அதற்கும் எழுதுவார். அதன்பிறகுதான் காற்று எந்தத் திசையில் என்று பகடை உருட்டுவது. சுற்றி வர இடைஞ்சல் என்று மற்ற நாற்காலிகளை எப்போதோ மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டார். இங்கிருந்து எழுந்தால் இங்கே எழுதியதை மறந்துவிட வேண்டும், அதுதான் நியாயம் என்பார். மறப்பது இவருக்கு ஒரு சிரமமே இல்லை. காலமெல்லாம் லாரிகளுக்கு எடை போட்டவர், யார் பக்கமும் சாயாத மனுஷர் என்று பெயர் வாங்கியவர். என் மாமியார் என்னை வறுத்தெடுத்த நாட்களிலும் சாயவில்லை.

"ஏங்க, இன்னைக்காவது இதைச் சுருட்டி வைக்கக் கூடாதா?"

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவேன். மாப்பிள்ளை வராரு."

"யாரு வரச் சொன்னது?"

"நான்தான். இவ சொன்னதைக் கேட்டாச்சு. அவரு சொல்றதையும் கேக்கணும்ல? ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசி அனுப்பிடலாம்."

"இவ இங்க இருக்கறதே அவனுக்குத் தெரியாதுங்க. தோழி வீட்டுலன்னு நெனச்சுத் தேடிட்டிருந்தான்."

"இப்ப தெரியும்," என்று சொல்லிவிட்டு, எழுந்து பச்சைப் பக்கம் போனார்.

எனக்கு மேசையை அப்படியே கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. அதைச் செய்யாமல் உள்ளே ஓடினேன். மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டுச்சும்மா."

"பையை எடு. பின்பக்கமாப் போயிடலாம், நானும் வரேன்."

"எங்கம்மா போறது? இருந்த ஒரு இடத்தையும் அப்பா சொல்லிட்டாரே."

சாயங்காலம் ஆகும் முன்பே அழைப்பு மணி அடித்தது.

"வாங்க மாப்பிள்ளை," என்று இவர் கதவைத் திறந்தார். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து பச்சை நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் முழங்கை பட்டு ஒரு கப்பல் சாய்ந்தது. இவர் பதறி அதை நிமிர்த்தி, பாய்மரம் உடையவில்லையே என்று தடவிப் பார்த்தார். மகளின் கன்னத்தை ஒருநாளும் அப்படித் தொட்டுப் பார்க்கவில்லை.

"யாரு மாமா ஜெயிக்கறா?"

"யாரு ஜெயிச்சா என்ன மாப்பிள்ளை, ரெண்டும் நம்மதுதானே."

அவன் சிரித்தான். இவரும் சிரித்துக்கொண்டே சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் அறை வாசலில் வந்து நின்றாள். நான் அவளை ஒட்டி நின்றேன்.

"வாம்மா, வந்து உக்காரு," என்றார். சொன்ன பிறகுதான் இன்னொரு நாற்காலியைச் சுற்றுமுற்றும் தேடினார்.

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "பையை எடுத்துட்டு வா, கிளம்பலாம்," என்றான், குரலை உயர்த்தாமல்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மேசை வரைக்கும் நடந்து போய்த் தன் அப்பாவின் நாற்காலி முதுகைப் பிடித்தாள்.

"அப்பா, எந்திரிங்க. நான் உக்காரணும்."

இவர் அவளைப் பார்த்தார். பிறகு எதிர் நாற்காலியைப் பார்த்தார். காற்றுக்கான பகடை இவர் கைக்குள் இருந்தது. மூடிய கை மூடியபடியே நீலத் துணிமேல் கிடந்தது.