காதைக் கழற்றி வைத்தவன்

அக்காவைக் கட்டியவர் பெரிய சகலை, வயது ஐம்பத்தெட்டு. தங்கையைக் கட்டியவன் சின்ன சகலை, நாற்பதைத் தொடவில்லை. இருவருக்கும் ஒரே பாட்டில் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து முக்காலி. கழுவிய பாட்டில்கள் இரண்டு வரிசையாக விளக்குப் பலகையைத் தாண்டிப் போகும். விரிசல் கண்டதை எடுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

இருபது வருஷம் பெரியவரை மிஞ்ச ஆள் கிடையாது. இப்போதும் கண் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு வேறு. எவனாவது இருமினால் அந்த இருமல் அவருக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கழுவுகிற பெண் தன் மாமியாரைத் திட்டினால், அந்த மாமியார் இவர் தலைக்குள் குடிவந்துவிடுகிறாள். முன்பெல்லாம் இதெல்லாம் வாசலோடு நின்றுபோகும். இப்போது யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று ஆகிவிட்டது. அதற்குள் இரண்டு பாட்டில் நழுவிவிடும்.

சின்னவனோ முக்காலியில் ஏறினால் காதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிற ரகம். பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டான். அவனுடைய அந்த அசையாத பின்கழுத்தைப் பார்க்கப் பார்க்கப் பெரியவருக்கு வயிறு காந்தியது. வீட்டுக்குப் போனால் மனைவி வேறு, "என் தங்கச்சி வீட்டுக்காரரை மேஸ்திரி அப்படிப் புகழ்ந்தாராமே" என்பாள், சோற்றைப் போட்டுக்கொண்டே.

ஒருநாள் மேஸ்திரி வந்து நின்றார். "ஒரு வரிசைக்கு மெஷின் வருது. முக்காலி ஒண்ணுதான் மிஞ்சும். நாளைக்குக் காலையில வரிசைக்குப் பத்து விரிசல் பாட்டில் கலந்து விடறேன். கூடப் பிடிக்கிறவர் உக்காரலாம். இன்னொருத்தர் லாரியில பெட்டி ஏத்தப் போகணும்."

பெரியவரின் முழங்கால் படி ஏறவே கெஞ்சும். பெட்டி தூக்கினால் ஒரு மாதம் தாங்காது.

அன்று சாயங்காலமே லாரி டிரைவரைப் பிடித்தார். அவன் வாயைத் திறந்தால் கேட்கிறவன் கை வேலை நின்றுவிடும்.

"நாளைக்கு என் சகலை முதுகுக்குப் பின்னால நின்னு ஏதாவது கதை விடுப்பா. ஒரு தமாஷுக்கு."

"எந்த மாதிரி?"

"அவன் திரும்பிப் பாக்கற மாதிரி."

மறுநாள் பாட்டில்கள் ஓட ஆரம்பித்ததும் டிரைவரும் ஆரம்பித்தான். "பழைய மேஜை ஒண்ணு வாங்குனேன். அதுல ஒரு டிராயர் பூட்டிக் கிடக்கு, சாவி இல்ல. உள்ள நகைங்கிறா என் பொண்டாட்டி. இல்ல, பத்திரம்ங்கிறாங்க மாமியார். ரெண்டு பேரும் மூணு நாளா ராவும் பகலும் காவல்..."

சின்னவனின் பின்கழுத்து அசையவில்லை. அசைகிறதா என்று பெரியவர் ஓரக்கண்ணால் பார்த்தார். பார்த்தவர் கேட்டார். கேட்டவர் அந்த வீட்டுக்கே போய்விட்டார். மாமியார் சுத்தியலை ஓங்கினாள், டிராயர் பிளந்தது, உள்ளே யாருடையதோ ஒரு பல்செட்டு. மாமியார் அதைக் கழுவி, தனக்குச் சரியாக இருக்கிறதா என்று மாட்டிப் பார்த்தாளாம்.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்தபோது வரிசையும் முடிந்திருந்தது.

சின்னவன் ஒன்பது. பெரியவர் நாலு.

சாப்பாட்டு நேரத்தில் சின்னவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "உங்க காலுக்கு ஆகாது சகலை. நான் வேணா மேஸ்திரிகிட்ட பேசிப் பாக்கவா?"

தோற்றதைவிட அதுதான் சுட்டது. "உன் வேலையைப் பாரு."

"சரி. டிரைவர் எனக்குப் பின்னால ஏதோ சொன்னாராமே, எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கு ஒரு வார்த்தை விழல. என்னதான் சொன்னார்?"

பெரியவர் சொன்னார். மேஜை, பூட்டு, மூன்று நாள் காவல், ஓங்கிய சுத்தியல், எதையும் விடவில்லை. டிரைவர் சொன்னதைவிட நன்றாகவே வந்தது. சின்னவன் பிசைந்த சோற்றை அப்படியே கையில் வைத்திருந்தான்.

"அப்புறம்? உள்ள என்ன இருந்துச்சு?"

பெரியவர் டப்பாவை மூடினார்.

"தெரியாதுப்பா. அப்ப என் கவனமெல்லாம் பாட்டில்ல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பெட்டி ஏற்றும் பக்கமாக நடந்தார்.