வாசலில் ஒரு கேள்வி

பரமட்டாவுக்கு மேற்கே, அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டு வரிசையில், கதவு இரண்டாம் முறையாக முகத்துக்கு நேரே சாத்தப்பட்டபோது சந்திரகலாவுக்குக் கோபம்கூட வரவில்லை. கால்தான் கடுத்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே சுகாதார நிலையத்தில் தாதியாக இருப்பவள் அவள். கதவுக்குப் பின்னால் இருப்பவள் மேவிஸ், இந்த நாட்டுப் பழங்குடிப் பெண். மேவிஸின் நான்கு வயது மகள் ஷெர்லிக்கு இரண்டு காதிலும் சீழ். இப்படியே விட்டால் பிள்ளைக்குக் காது கேட்காமலே போய்விடும். நிலையத்துக்கு வரச் சொன்னால் வருவதில்லை. தேடி வந்தால் கதவு.

தெருமுனையில் நின்ற காருக்கு அவள் திரும்பியபோது உள்ளே டோரீன் இருந்தாள். மேவிஸின் இனத்தவள், நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த சுகாதார ஊழியர்.

"போன கிழமை அவளிட்டை முதல்ல என்ன கேட்டனீர்?" என்றாள்.

"எத்தினை பிள்ளையள் எண்டு. எங்கட ஊரிலை ஆரைக் கண்டாலும் அதுதானே முதல் விசாரிப்பு."

டோரீன் பெருமூச்சு விட்டாள். "அரசாங்க வெல்ஃபேர்காரரும் அதைத்தான் முதல்ல கேக்கிறவை. எண்ணிப்போட்டுப் போவினம். பிறகு பிள்ளையளை ஏத்திக்கொண்டுபோகக் காரோட வருவினம். மேவிஸின்ரை தங்கச்சியைச் சின்ன வயசிலை அப்பிடித்தான் கொண்டுபோனவை. இண்டைக்கும் எங்கை எண்டு தெரியாது."

சந்திரகலா போன கிழமையை நினைத்துப் பார்த்தாள். அன்பாகக் கேட்டதாக அல்லவா நினைத்திருந்தாள்.

காரை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் நடந்தார்கள். டோரீன் கதவைத் தட்டவில்லை. படியில் உட்கார்ந்து, யார் வீட்டில் கலியாணம், எந்தத் தடியன் பந்து விளையாடிக் காலை முறித்துக்கொண்டான் என்று உள்ளே கேட்கும்படி பேசிக்கொண்டே போனாள். வெயில் ஏறியது. சந்திரகலா வாய்க்கு வந்த கேள்விகளையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கதவு திறந்தது.

"அந்தக் கேள்விக்காரியையோ கூட்டிக்கொண்டு வந்தனி?"

"இண்டைக்கு வாய் திறக்கமாட்டாள். நான் பொறுப்பு."

மேவிஸ் மகளை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள். சந்திரகலா பஞ்சால் சீழைத் துடைத்து மருந்து விட்டாள். பிள்ளை சிணுங்கியது.

"டொக்டர் ஒருக்கால் பாக்கோணும்," என்றாள் சந்திரகலா மெதுவாக.

"அங்கை வரமாட்டன். காரிலையும் ஏத்தமாட்டன்," என்றாள் மேவிஸ். பிறகு மகளின் தலையைத் தடவிக்கொண்டே, "நீ வேணுமெண்டால் நாளைக்கு வா. நடந்து வா."

நாளை சந்திரகலாவுக்கு விடுமுறை. அவள் இருக்கும் ஹோம்புஷிலிருந்து ரயில், பிறகு பஸ், பிறகு நடை. டாக்டருக்கோ வீடுகளுக்குப் போகிற வழக்கமில்லை. கேட்டால் மாட்டேன் என்பார். மறுபடி கேட்க வேண்டும்.

"வாறன்," என்றாள்.