அடிவயிற்று ஊளை

"ஒரு உதவி வேணும். என் பையன் பேரைச் சொன்ன உடனே நீங்க எல்லாரும் ஊளை விடணும்," என்றாள் யுவெட் பிங்கம், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல்.

பாரில் இருந்தவர்கள் குடிப்பதை நிறுத்தினார்கள். கூடைப்பந்து அணிகள் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் டிராஃப்ட், டி.வி.யில் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஜூன் மாதத்து வெளிச்சம் சாயங்காலம் ஆகியும் போக மனமில்லாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தது. யுவெட் அந்த நேரத்தில் நியூயார்க் அரங்கத்தில், மகனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டியவள்.

"நீ என்னம்மா இங்க வந்து நிக்கற?" என்றான் என் தம்பி காஸ். பார் அவனுடையது. பின்கட்டில் கோழி இறக்கை பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி என்னுடையது. "டி.வி.ல நீயும் அவனும் கட்டிப் பிடிச்சு அழுவீங்க, நாங்களும் கூட அழலாம்னு கண்ணைத் தொடைக்கக் காகிதத் துண்டெல்லாம் எடுத்து வெச்சிருக்கோம்."

"அதான் வந்தேன். யாரும் அழக் கூடாது. கை தட்டக் கூடாது. ஊளை மட்டும்தான்."

யாரும் சிரிக்கவில்லை. பஃபலோவில் இது சிரிக்கிற விஷயம் இல்லை.

எங்கள் கூடைப்பந்து அணிக்குப் பனிவாரிகள் என்று பெயர். கடைசி இடங்களில் முடிக்கிற அணிகளுக்குத்தான் புது ஆட்டக்காரர்களை முதலில் பொறுக்கிக்கொள்ளும் உரிமை. அந்த உரிமை எங்களுக்குப் பரம்பரைச் சொத்து மாதிரி. ஒரு வருஷம் ட்ரென்ட் ஹாலிஸ்டர் என்று ஒரு பையனை எடுத்தார்கள். பார் முழுக்க ஆட்டம் பாட்டம், கேக் வெட்டினோம், காஸைத் தோளில் தூக்கிப் போய் உத்தரத்தில் இடித்தார்கள். அந்தப் பையன் பனிவாரும் வண்டி மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்ளப் போய், முதல் ஆட்டத்துக்கு முன்பே முழங்காலை உடைத்துக்கொண்டான். ட்ரென்ட்டை எடுத்த அதே சாயங்காலம் இரண்டாவது சுற்றில் எல்லிஸ் க்ராம் என்று யாரும் கேள்விப்படாத ஒருவனை எடுத்தபோது "யாருடா இவன்" என்று ஊளையிட்டோம். இன்றைக்கு அவன் சட்டை, பெரிய ஆட்டக்காரர்களுக்கு மட்டும் செய்யும் மரியாதையாக, அரங்கத்து உச்சியில் தொங்குகிறது.

அன்றிலிருந்து யாரை எடுத்தாலும் ஊளைதான். ஆனால் சும்மா வாயால் ஊளையிட்டால் பலிக்காது. ஒரு வருஷம் சிரித்துக்கொண்டே, கடமைக்கு ஊளையிட்டோம். அந்தப் பையன் ஜனவரிப் பனியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் போய் அல்பாகா வளர்க்கிறான். ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில் ஒரு பிராணி. அதற்குப் பிறகு எந்த ஊளையும் அடிவயிற்றிலிருந்து வந்ததா, வாயிலிருந்து வந்ததா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

"அஞ்சாவது ஆளா நம்ம அணிதான் எடுக்குது. உன் பையன் ஆம்ப்ரோஸைத்தான் எடுப்பாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க," என்றாள் டினா. பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள். பல்லைப் பற்றியும் பனிவாரிகளைப் பற்றியும் தவிர வேறு எதுவும் பேச மாட்டாள்.

"எடுக்கட்டும். எடுத்த உடனே நீங்க கை தட்டினா என் பிள்ளை கதி என்ன?" என்றாள் யுவெட். "பள்ளிக்கூட பஸ் ஓட்டி வளத்திருக்கேன் அவனை. உங்க பிள்ளைங்க வாந்தி எடுத்ததைத் தொடச்சு வளத்திருக்கேன். கார்மைன் அண்ணே, உங்க பையன் என் பஸ்ல எத்தனை நாள்..."

"அத ஏன் இப்ப எடுக்கற," என்றார் கார்மைன். நகராட்சியில் பனிவாரும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். பாரில் முதல் ஊளை அவருடையது; அவர் தொடங்காமல் யாரும் தொடங்குவதில்லை. "அதில்லம்மா யுவெட். ஆம்ப்ரோஸை எப்படி ஊளையிடறது? பெரிய பனி விழுந்த வருஷம் என் காரைத் தோண்டி எடுத்துக் குடுத்தவன் அவன்தான். பக்கத்து வீட்டுக்காரன் காரையும் தோண்டினான். அந்தாளை எனக்கே பிடிக்காது."

"எனக்கு மருந்து வாங்கிக் குடுத்திருக்கான்," என்றேன் நான், அடுப்படியிலிருந்து.

"வாண்டா அக்கா, நீங்களுமா?"

"உண்மையச் சொன்னேன்."

யுவெட் கண்ணை மூடித் திறந்தாள். "இப்படித்தான் ஆகும்னு தெரிஞ்சுதான் கேக் கூட செஞ்சு எடுத்துட்டு வரல. சாப்பிட்டா உங்களுக்கு இன்னும் மனசு இளகும்."

அந்த நேரம் பார்த்து டை கட்டிய ஒரு வெளியூர்க்காரர் என்னிடம் தட்டைக் காட்டி, "இறக்கைக்குத் தொட்டுக்க ராஞ்ச் இருக்குமா?" என்று கேட்டார். ராஞ்ச் என்பது மோரில் பூண்டு கலந்த வெள்ளைச் சாஸ்; இறக்கையை ப்ளூ சீஸ் என்ற பாலாடைக்கட்டிச் சாஸில் மட்டுமே தொட்டுத் தின்கிற எங்கள் ஊரில் அதைக் கேட்பது சாமி குத்தம். நான் அவருக்குப் பின்னால் சுவரைக் காட்டினேன். 'ப்ளூ சீஸ் உண்டு. ராஞ்ச் கேட்பவர்கள் தெருவில் நின்று கேட்கவும்' என்று காஸ் கைப்பட எழுதி மாட்டியிருக்கிறான். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். காஸ் சிரிக்கவில்லை.

"அண்ணே, வாசல்ல எறங்கி வலது பக்கம் திரும்புனா நெடுஞ்சாலை. அதுலயே போனா உங்க ஊரு," என்றான்.

"சும்மா கேட்டேன்ங்க."

"நானும் சும்மாதான் சொன்னேன். தட்டை வெச்சுட்டுப் போங்க."

அவரை அனுப்பிவிட்டு ஒத்திகை பார்த்தோம். கார்மைன் எழுந்து நின்று, இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தி, மூச்சை இழுத்து விட்டார். ஊளை நன்றாகத்தான் தொடங்கியது. நடுவில் எங்கேயோ வளைந்து, குழந்தையைக் கொஞ்சுகிற சத்தமாக முடிந்தது.

"அது என்ன அண்ணே?" என்றாள் யுவெட்.

"அவன் மூஞ்சி ஞாபகம் வந்துடுச்சும்மா."

"அப்ப அவனைப் பத்தி நான் சொல்றேன். கேளுங்க. குளிச்சா ஈரத் துண்டைக் கட்டில் மேல போடுவான்."

"வயசுப் பையன்."

"என்கிட்ட சொல்லாம, நம்ம ஜென்ம எதிரி பாஸ்டன் அணி ஆட்டக்காரன் படத்தை அலமாரிக்குள்ள ஒட்டி வெச்சிருந்தான்."

பாரில் ஒரு சலசலப்பு எழுந்தது. எனக்கும் நம்பிக்கை வந்தது. ஆனால் கார்மைன் யோசித்துவிட்டு, "உள்ளதான ஒட்டுனான். வெக்கம் இருந்திருக்கு," என்றார். சலசலப்பு அடங்கிவிட்டது.

"டினா, நீ சொல்லு. ஆட்டத்துல அவன்கிட்ட என்ன குறை?"

டினா போனைப் பார்த்தாள். "இடது கை சுத்தமா வராது. தடுக்க ஆளே இல்லாம போடற ஃப்ரீ த்ரோகூடப் பாதி வெளியதான். ஆனா யுவெட், அவன் கையை விரிச்சா ஜூக்பாக்ஸ்லேர்ந்து பாப்கார்ன் மெஷின் வரைக்கும் வருது. அந்தக் கையை வெச்சுக்கிட்டு..."

"கையைப் பத்திப் பேசாத. கையைப் பத்திப் பேசினா எனக்கே பெருமையா இருக்கு."

டி.வி.யில் நிகழ்ச்சி தொடங்கியது. நல்ல கோட்டு போட்ட உயரமான பையன்கள் வட்ட மேசைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காமிரா ஆம்ப்ரோஸிடம் வந்தது. கத்தரிப்பூ நிறக் கோட்டு. ஒரு பக்கம் அவனுடைய பயிற்சியாளர், இன்னொரு பக்கம் காலி நாற்காலி. நாற்காலியின் முன்னால் 'அம்மா' என்று அட்டை.

"அந்த இருக்கை ஏன் காலியாக இருக்கிறது என்று நமக்குத் தெரியவில்லை," என்றார் வர்ணனையாளர், குரலைத் தாழ்த்தி. "சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பதே மரியாதை."

"நான் செத்துப்போயிட்டேன்னு நெனச்சுட்டானா இவன்?" என்றாள் யுவெட்.

"கிட்டத்தட்ட," என்றான் காஸ்.

திரையில் ஆம்ப்ரோஸ் அந்த நாற்காலியின் முதுகில் கையை நீட்டி வைத்திருந்தான், அங்கே யாரோ இருப்பது போல. யுவெட் தன் தோளைத் தானே ஒருமுறை தடவிக்கொண்டாள். நான் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன்.

"அவன்கிட்ட என்ன சொல்லிட்டு வந்தே?"

"நான் இருக்க வேண்டிய எடத்துல இருப்பேன்னு சொன்னேன் அக்கா. புரிஞ்சுக்கிட்டான். அவனும் இந்தத் தெருவுல வளந்தவன்தான. ட்ரென்ட் ஹாலிஸ்டர் கால் ஒடஞ்ச அன்னிக்கு ராத்திரிச் சாப்பாடு சாப்பிடல அவன்." கோப்பையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கட்டிப் பிடிக்கறது ஒரு தடவதான் வரும். அத விட்டுட்டு வந்திருக்கேன். சும்மா போயிடக் கூடாது அக்கா."

முதல் நான்கு பெயர்களையும் யாரும் கவனிக்கவில்லை. ஐந்தாவதாகப் பனிவாரிகள். மேடையில் ஒருவர் அட்டையைப் பார்த்து வாசித்தார்: ஆம்ப்ரோஸ் பிங்கம், பஃபலோ.

காஸின் இரண்டு கைகளும் தானாகவே உயர்ந்தன. யுவெட் பாய்ந்து அவற்றைப் பிடித்துக்கொண்டாள். டினா காகிதத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டாள். திரையில் அந்தக் கத்தரிப்பூக் கோட்டு எழுந்து, எழுந்து, இன்னும் எழுந்துகொண்டே இருந்தது. எல்லோர் முகமும் பூரித்துக் கிடந்தது. பார்க்கவே பயமாக இருந்தது.

"அண்ணே," என்றாள் யுவெட். "அண்ணே, இப்ப."

கார்மைன் வாயைத் திறந்தார். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குமே, அப்படி ஒரு சத்தம் வந்தது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுவர்க்கடிகாரத்துக்குக்கூட அது கேட்டிருக்காது.

"இது வாயி," என்றாள் யுவெட். "இது அல்பாகாவுக்கு விடற ஊளை."

"முயற்சி பண்றோம்மா."

"என் பிள்ளை ஆடு மேய்க்கப் போறான்."

"ஆடில்ல, ஆட்டுக்கும்..." என்று தொடங்கிய காஸை நான் ஒரு பார்வை பார்த்தேன்.

யுவெட் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். திரையில் ஆம்ப்ரோஸ் அணித் தொப்பியைப் போட்டுக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினான். மைக்கோடு ஒரு பெண் காத்திருந்தாள். அவன் அவளுக்காக முதுகை வளைத்துக் குனிந்தான். அதைப் பார்த்துக் கார்மைன், "எவ்வளவு மரியாதை," என்று முணுமுணுத்தார். யுவெட்டிடமிருந்து ஒரு விசும்பல் வந்தது.

"சொந்த ஊருக்கே திரும்பப் போகிறீர்கள். போனதும் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எங்கம்மாவைப் பாப்பேன்," என்றான் ஆம்ப்ரோஸ்.

பார் மொத்தமும் உருகியது. போச்சு என்று நினைத்தேன்.

"அப்புறம் காஸ் பாருக்குப் போயி ஒரு பெரிய தட்டு இறக்கை. நல்ல காரமா."

காஸ் யுவெட்டுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கூட ராஞ்ச்," என்றான் ஆம்ப்ரோஸ்.

நான் சட்டியில் இறக்கையைப் புரட்டுவதை நிறுத்தினேன்.

கார்மைன் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். "என்னன்னான்?"

"ராஞ்ச்னான்," என்றாள் டினா, வாயிலிருந்து காகிதத்தை எடுத்துவிட்டு.

"நம்ம ஆம்ப்ரோஸா?"

"ஊரு ஒலகத்துக்கே கேக்கற மாதிரி சொல்றான் அண்ணே."

"என் பார் பேரையும் சேத்துச் சொல்றான்," என்றான் காஸ்.

அது எங்கிருந்து தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. கார்மைன் வாயைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தரைப் பலகைக்கு அடியிலிருந்து வந்தது மாதிரி இருந்தது. அப்புறம் கார்மைன் சேர்ந்தார், பெல்ட்டைத் தளர்த்தக்கூட இல்லை. டினா சேர்ந்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, இடுக்கியோடு வெளியே வந்து ஊளையிட்டேன். கோப்பைகள் அதிர்ந்தன. தெருவில் போன ஒருவர் நாயை இழுத்துக்கொண்டு எட்டிப் பார்த்து, என்ன ஏது என்று கேட்டார். டினா ஒரு வார்த்தையில் சொன்னாள். அவரும் வாசலில் நின்று ஊளையிட்டார். நாயும்.

நான் யுவெட்டைத் தேடினேன். அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் ஸ்டூலின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை.

"என் வீட்டுலயா?" என்றாள். "நான் சமைச்சுப் போட்டு வளத்த பிள்ளையா?"

அவளும் ஊளையிட்டாள். நாங்கள் மூச்சு வாங்கி ஒவ்வொருவராக நிறுத்தினோம். அவள் நிறுத்தவில்லை.

"போதும் யுவெட்," என்றான் காஸ். "பலிச்சிடுச்சு. இது அடிவயித்து ஊளைதான். எல்லிஸ் க்ராமுக்கே இப்படி விடல."

"உங்களுக்கு முடிஞ்சிருக்கும். எனக்கு இன்னும் இருக்கு."

அப்போது அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. நான்தான் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் ஸ்டூலிலிருந்து இறங்காமலே ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அம்மா, அங்க என்ன சத்தம்?"

"உனக்குத்தான்."

"ஊளையா?"

"ஆமா."

"நெஜமாவா? இல்ல, எனக்காக வாயாலயா?"

"அடிவயித்துலேர்ந்து. எல்லாரும். நானும்."

"நீயுமா?" அந்த உயரமான பையனின் குரல் உடைந்தது. "ரொம்ப தாங்க்ஸ்மா."

யுவெட் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கார்மைன் தொப்பியைக் கழற்றினார். பிறகு அவள் போனை மறுபடி வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

"ஆம்ப்ரோஸ். ஒண்ணு மட்டும் கேக்கறேன். எங்களுக்கு ஊளை வரணும்னு வேணும்னே தான சொன்னே? அந்த ராஞ்ச்."

நாங்கள் எல்லோரும் போனுக்குப் பக்கமாகச் சாய்ந்தோம்.

"இல்லம்மா," என்றான் ஆம்ப்ரோஸ். "காலேஜ்ல பழகிடுச்சு. நல்லாத்தான் இருக்கு. நீயும் ஒரு தடவ சாப்பிட்டுப் பாரேன்."

யுவெட் குனிந்து, போனை மேசை மேல், எங்களைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"கார்மைன் அண்ணே," என்றாள்.

கார்மைன் இந்த முறை பெல்ட்டைத் தளர்த்தினார்.