பதினேழாம் விதி

கிளெமென்ட் வீட்டுக்குள் வேண்டாத சொல்லுக்குச் சத்தம் கிடையாது. வாய் அசையும், மூச்சு வரும், சொல் மட்டும் வராது. திண்டுக்கல்லில் பேகம்பூர் தாண்டி உள்ளடங்கிய அந்தச் சந்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். சின்ன வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய வருஷத்தில் ஆரம்பித்தது என்று அடையாளம் சொல்வார்கள். புதிதாக அந்த வீட்டுப் படியேறியவர்கள் தங்கள் காதைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள், இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கே போய்க் காட்டியிருக்கிறார்கள். காதில் ஒரு கோளாறும் இல்லை.

கிளெமென்ட் 'மானாவாரி' என்ற விவசாய மாத இதழின் ஆசிரியர். எழுதுகிறவர்களில் வேளாண்மை அதிகாரிகள் உண்டு, ஓய்வுபெற்ற வாத்தியார்கள் உண்டு, நிலத்தில் பாடுபட்டுக் கையில் மண் காயாத சம்சாரிகளும் உண்டு. ஒருவர் கிணறு என்பார், இன்னொருவர் கேணி என்பார், மூன்றாமவர் ஒரே பத்தியில் இரண்டையும் சொல்லிப் படிக்கிறவன் தலையைச் சுற்ற வைப்பார். அது போகட்டும் என்று விட்டிருந்தார்கள். ஒரு மாதம், பூச்சிமருந்துக் குறிப்பில் 'பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு கலந்து தெளிக்கவும்' என்று அச்சாகிவிட்டது. குஜிலியம்பாறையிலிருந்து சடையாண்டி என்பவர் கருகிப்போன கத்தரிச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "நூறுன்னு போட்டிருந்துச்சு, நூறு மூடி ஊத்துனேன். மில்லின்னு ஒரு வார்த்தை போட்டா ஒங்க மை தீந்துருமா சார்?" என்று கேட்டார். அந்தச் செடியை மேசை மேலேயே வைத்துவிட்டுச் சடையாண்டி போய்விட்டார்.

அதன் பிறகுதான் கிளெமென்ட், இதழில் எப்படி எழுத வேண்டும் என்று நடைக் கையேடு ஒன்றை எழுதினார். எண்ணுக்குப் பின்னால் அளவு கட்டாயம் வர வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான். வாக்கியம் பெருத்தால் இரண்டாக வெட்டு. உண்மையைச் சொல்ல வேண்டும், கையேடு நல்ல கையேடு. முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்ட எழுத்தாளர்கள், ஆறு மாதத்தில் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்கள். ரெட்டியார்சத்திரத்தில் டீக்கடையில் ஒருவர் இதழை வாசிக்க மற்றவர்கள் கேட்டு, கேட்டபடியே மருந்து கலந்தார்கள், ஒரு செடியும் கருகவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? வேண்டாத சொல்லை நீக்கு என்று ஒரு விதி சேர்ந்தது. விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதே என்று இன்னொன்று. பதினேழாவது விதி ஒரு பேட்டியிலிருந்து பிறந்தது. பேட்டி முடிந்து எழுந்த சம்சாரி 'போயிட்டு வாரேன்' என்று சொன்னதாக எழுதியிருந்தது. கிளெமென்ட் அதில் கோடு போட்டார். அவர் திரும்பி வரப்போவதில்லை, பிறகு இதழில் எதற்குப் பொய் என்று நினைத்தார். 'நடப்பது ஒரு வினை, சொல்வது இரண்டு. போகிறேன் என்றே எழுதுக' என்று விதி ஆனது.

பதினேழு விதியும் சேர்ந்த கையேட்டின் முதல் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து, காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டார். மறுநாள் காலையில் அவர் மனைவி அமலராணி, "இந்தாங்க, செத்த நேரம் இப்பிடி வந்து ஒக்காருங்களேன்" என்றாள். 'ஒக்காருங்க' மட்டும்தான் கேட்டது. அமலராணி நிறையப் பேசுகிறவள். நனைந்து வருகிறவரைப் பார்த்து மழையா என்று கேட்பாள், சட்டை மாட்டுகிறவரைப் பார்த்து வெளியிலயா என்று கேட்பாள். இந்தக் கேள்விகளெல்லாம் அவள் வாயோடு நின்றுபோயின. கிளெமென்ட்டுக்கு முதலில் சந்தோஷம்தான், வீடு துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்று அச்சகத்தில் சொல்லிக்கொண்டார். அவளோ பேச்சு முட்டும்போதெல்லாம் வாசலைத் தாண்டிப் போய், பக்கத்து வீட்டு பக்ருன்னிசாவிடம் மூச்சு விடாமல் பேசிவிட்டு வந்து, உலையில் அரிசி போடுவாள்.

மகள் ஷைனிக்குத் திருப்பூரில் பிரசவ நாள் நெருங்கியது. அமலராணி பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "போயிட்டு வாரேங்க" என்றாள். "போறேன்" என்று கேட்டது. அவளுக்கு முகம் செத்துப்போனது. வீட்டை விட்டுக் கிளம்புகிற எந்தப் பெண் அப்படிச் சொல்வாள்? திரும்பவும் சொன்னாள். திரும்பவும் "போறேன்" என்றே வந்தது. மூன்றாவது தடவை அவள் சொல்லவில்லை, அவரைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் சொன்னதில் 'பஸ்' மட்டும்தான் வெளியே வந்தது.

பேத்தி பிறந்து மூன்றாம் மாதம் அமலராணி திரும்பினாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தாள். ஆட்டோ பேகம்பூர் தாண்டியது, சந்துக்குள் திரும்பியது, பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றது. ஓட்டுநருக்கு வெட்கமாகிவிட்டது, இன்னொரு தடவை காசு வாங்காமல் ஓட்டினார். அப்போதும் பஸ் ஸ்டாண்டில்தான் நின்றது. கிளெமென்ட்டே போய் அவள் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்தார். சந்து முனையில் திரும்பியபோது அவர் கையில் அவள் பை மட்டும் இருந்தது. போனில் அழுகிற குரலில் அவள், "நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேங்க" என்றாள்.

அவளுக்கு மட்டும் அப்படி இல்லை. அந்த வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பிய ஒருவரும் மறுபடி வரவில்லை. பால்காரர் பாலை ஊற்றிவிட்டு "வாரேன் சார்" என்பார், "போறேன் சார்" என்று கேட்கும், மறுநாள் வேறு பால்காரர் வருவார். ஊரில் பால்காரர்கள் தீர்ந்தபோது கிளெமென்ட் வரக்காப்பிக்கு மாறினார். சர்ச்சுக்காரர்கள் வீடு வீடாக வைக்கிற அன்பியக் கூட்டத்து ஜெபம் அங்கே ஒரு தடவை நடந்தது, அதோடு சரி. கிளெமென்ட் மட்டும் தினமும் அலுவலகம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். காரணம் எளியது. அவர் ஒருநாளும் யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பியவர் இல்லை. செருப்பை மாட்டுவார், போய்விடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அமலராணி இதைக் குறையாகச் சொல்லிவந்தாள்.

அவர் கையேட்டை ஆணியிலிருந்து எடுத்துப் பார்த்தார், பதினேழாம் விதியை அடித்துப் பார்த்தார், கடைசியில் கொல்லையில் போட்டு எரித்தும் பார்த்தார். அடுப்புப் புகை படிகிற மாதிரி விதி சுவரில் படிந்துவிட்டிருந்தது. ஆனாலும் திருத்திய பதிப்பு ஒன்று வந்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பினார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமலராணி திருப்பூரிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். டிபன் பாக்ஸில் சோறும் வெஞ்சனமும் கொண்டுவருவாள். பேத்திக்குப் பல் முளைத்ததை, மாடிவீட்டுக்காரி சண்டைக்கு வந்ததை, முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்ததைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒவ்வொரு தடவையும், "நீங்க பேசாம அங்க வந்துருங்க" என்பாள்.

"பதிப்பு முடியட்டும். தப்பு நான் பண்ணுனது, நாந்தான் சரிபண்ணணும்."

"இம்புட்டு வருஷம் பொஸ்தகத்தத் திருத்துனீங்க, ஒருநா அங்க வந்து என்னய எட்டிப் பாத்தீங்களா?"

அவர் டிபன் பாக்ஸை மூடிக் கொடுத்துவிட்டு, வழக்கம்போலச் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார். கொரோனா வந்தது, பஸ் நின்றது, பெஞ்சைக் கயிறு கட்டி மூடினார்கள். இதழும் நின்றுபோனது. பஸ் மறுபடி ஓடியபோது அமலராணியின் முட்டி அவ்வளவு தூரப் பயணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கிளெமென்ட் திருத்திய பதிப்பை எழுதிக்கொண்டே இருந்தார். பதினேழாம் விதிக்கு விலக்கு வேண்டும், விலக்குக்குக் காரணம் வேண்டும். மரபு என்று எழுதினார், மங்கலம் என்று எழுதினார். மை காய்வதற்குள் எழுத்து மறைந்தது. வீட்டில் பேச ஆள் இல்லாததால், எந்தச் சொல் கேட்கும், எந்தச் சொல் கேட்காது என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் மழைக்கு முன்னால் காற்று அடித்து, கொடியில் கிடந்த வேட்டி பறந்தது. யோசிக்காமல், "அமலா, துணிய எடு" என்றார். 'துணிய எடு' கேட்டது. பெயர் கேட்கவில்லை. நடு வீட்டில் நின்று மறுபடி கூப்பிட்டார். அமலா என்றார், அமலராணி என்றார், தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. இந்த வீட்டுக்கு அவள் பெயரே வேண்டாத சொல் ஆகிவிட்டது. கிளெமென்ட் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அழுகைக்கு எந்தத் தடையும் இல்லை, அது முழுசாகக் கேட்டது என்று பக்ருன்னிசா சொல்கிறாள்.

மறுநாள் காலையில் இரண்டு வேட்டியும் மாத்திரை டப்பாவும் பையில் போட்டுக்கொண்டார். எழுதிக் குவித்த காகிதத்தை அப்படியே விட்டார். செருப்பை மாட்டியவர் வழக்கம்போல இறங்கிப் போகவில்லை. படியில் நின்று, உள்ளே திரும்பி, என்ன கேட்கும் என்று தெரிந்தே, "போயிட்டு வாரேன்" என்றார்.

"போறேன்" என்று கேட்டது.

சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தார். பக்ருன்னிசா வாசலிலிருந்து, "என்னண்ணே, பையும் கையுமா?" என்று கேட்டாள். "அமலாகிட்டப் போறேன்மா" என்றார், பெயர் தெருவில் நன்றாகவே கேட்டது. சந்து முனையில் அவர் திரும்பியதும், பக்ருன்னிசா வீட்டுச் சுவரும் அந்தப் பக்கத்து வீட்டுச் சுவரும் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டன. கிளெமென்ட் வீடு இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் தெரிகிறது. நகராட்சிக்காரர்கள் வந்து அளந்து பார்த்துவிட்டு, வரிப் பட்டியலிலிருந்து கதவு எண்ணை எடுத்துவிட்டார்கள்.

திருப்பூரில் அமலராணி கதவைத் திறந்ததும் அவரைக் கண்டபடி ஏசினாள். இத்தனை வருஷம் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதீர்களே என்றாள், இளைத்துப் போனீர்களே என்றாள், சொன்னதையே திரும்பச் சொன்னாள். அவர் ஒரு சொல்லையும் வெட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "நீ இல்லாம அங்க இருக்க முடியல அமலா" என்றார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் தயிர் இல்லை, முக்குக் கடையில் வாங்கிவர முடியுமா என்று கேட்டாள்.

கிளெமென்ட் தூக்குவாளியை எடுத்தார். வாசலில் நின்று, "போயிட்டு வாரேன்" என்றார். அத்தனையும் கேட்டது. கடையில் கூட்டம், கொஞ்சம் நேரமாகிவிட்டது. தயிர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.