டெசிமஸ் சாகப் போய்விட்டு வந்தான்

ரோமாபுரியில் கொலையாக வேண்டிய ஆள், முதல் அத்தியாயம் எழுதி முடிகிற வரைக்கும் எழுதுகிறவர் வீட்டில்தான் தங்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் அதுதான் வழக்கம். அப்படித்தான் மிளகு வியாபாரி டெசிமஸ், சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். உக்கடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த நீளமான வெள்ளை மேல்துணியைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறான். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னேன்.

ரோமாபுரி எதற்கு என்று கேட்பீர்கள். நான் முதலில் உள்ளூர்க் கொலைதான் எழுதினேன். அது பத்திரிகையில் வந்த அன்றைக்கே பெரியப்பா மகன் வீட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். செத்தவன் மூக்கு எங்க மூக்கு, கொன்றவள் வளையல் எங்க வளையல் என்று வாசலில் நின்று ஒரே சத்தம். சீர், விசேஷம் எல்லாம் அன்றோடு நின்றுபோனது. இனிமேல் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத ஊராகப் பார்த்துத்தான் கொலை செய்வது என்று முடிவு கட்டினேன். ரோமாபுரியில் நாங்கள் பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை.

எனக்கு நாவலாசிரியை ஆக வேண்டும். அதில் என்ன ஒளிவுமறைவு? வேலை பார்த்த காலமெல்லாம் தமிழ் டீச்சராக மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியே கை தேய்ந்தவள் நான். ஒரு புத்தகத்தின் அட்டையிலாவது பூங்கோதை என்று தடித்த எழுத்தில் வரக்கூடாதா? பதிப்பகம் நடத்துகிற ராக்கியண்ணன் ஒத்துக்கொண்டார்.

"ஆனா மொத அத்தியாயத்துலயே பொணம் வேணுமுங்க டீச்சர்," என்றார். "பந்தலப் போட்டுட்டு மாப்பிள்ளையக் காணோம்னா எப்படிங்க? ஆடி மாசப் புத்தகத் திருவிழாவுக்குள்ள குடுத்துருங்க. இல்லீன்னா சூலூர்க்காரர் ஒருத்தர் எகிப்துக் கொலையோட தயாரா இருக்காருங்க."

டெசிமஸுக்கு அரிசிம்பருப்பு சாதம் பிடித்துப்போனது. அதுதான் முதல் தப்பு. நெய் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் போட்டவன், மறுநாள் என்னை அக்கா என்றான். என் வீட்டுக்காரர் சென்னியப்பனை மாமா என்றான். தேங்காய் துருவித் தந்தான், மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினான். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் பேச்சு. "நாம பெத்ததுக்கு வராத மருவாதி இவனுக்கு வருது பாரு," என்றார் சென்னியப்பன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவனைக் குளியல் மண்டபத்தில் வைத்துக் குத்துவதாக ஏற்பாடு. காலையில் இட்லி சாப்பிட்டான். கேட்டருகே நின்று, "போயிட்டு வர்றனுங்க அக்கா," என்றான்.

"சரி சாமி, பாத்துப் போ," என்றேன்.

அன்றைக்கு எனக்கு எழுத்து நன்றாக ஓடியது. வெந்நீர் ஆவி, பளிங்குத் தரை, பின்னாலிருந்து வந்த கத்தி. டெசிமஸ் துடித்து அடங்கினான். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து, விளக்கு வைக்கலாம் என்று வாசலுக்கு வந்தால், கேட் திறக்கிற சத்தம். முதுகில் கிழிசலோடு அவன் நிற்கிறான்.

"ஏஞ்சாமி வந்துட்டே?"

"வர்றேன்னு சொல்லிட்டுத்தானுங்களே போனேன்," என்றான்.

அது நியாயம்தான். எங்கள் பக்கம் சொன்ன சொல் சொன்னதுதான். கிழிசலைத் தைத்துக் கொடுத்தேன்.

அடுத்து, திராட்சை மதுவில் விஷம். அன்றைக்கும் வந்தான், வயிறு சரியில்லை என்று வெறும் ரசம்சாதத்தோடு நிறுத்திக்கொண்டான். பிறகு உயரமான நீர்ப்பாலத்தின் மேலிருந்து தள்ளிவிட்டுப் பார்த்தேன். நொண்டி நொண்டி வந்தான். சென்னியப்பன் முட்டிக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பக்கம் ரோமாபுரியில் என்னுடைய துப்பறிவாளர் சில்வானஸ், செய்தி கேட்டு ஒவ்வொரு முறையும் ஓடி வருவார். வந்து பார்த்தால் ரத்தம் இருக்கும், பிணம் பஸ் ஏறியிருக்கும். பாவம், அவரும் எத்தனை நாளைக்குத்தான் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்?

ராக்கியண்ணன் போன் போட்டார். சூலூர்க்காரர் புத்தகத்துக்கு அட்டைப்படம் வரையவே கொடுத்தாயிற்றாம்.

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். சென்னியப்பன் சொன்னார், "சொல்லாமக் கெளம்பீறச் சொல்லு. சொன்னாத்தான வரோணும்?"

"சோறு போட்ட ஊட்டுல சொல்லாமப் போறதுங்களா மாமா?" என்றான் டெசிமஸ். "அப்ப ஒண்ணு பண்றனுங்க. வெறுமனே 'போறேன்'னு சொல்லிட்டுப் போயிர்றனுங்க. அக்கா பேரு புஸ்தகத்துல வரோணுமுங்க."

அவன் தட்டில் இன்னொரு கரண்டி நெய் ஊற்றினேன். ஆனாலும் சரி என்று தலையாட்டினேன். நாவலாசிரியை ஆவது என்றால் சும்மாவா?

மறுநாள் அவன் துணியை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். இலை போட்டு அரிசிம்பருப்பு சாதம், அப்பளம், தயிர். சென்னியப்பன் எதையோ தேடுகிற மாதிரி பின்கட்டுக்குப் போய்விட்டார். டெசிமஸ் கேட்டைத் திறந்தான், திரும்பினான்.

"போறனுங்க அக்கா."

"சீ! வாயக் கழுவு!" என்றேன். "கெளம்பறப்ப போறேன்னா சொல்லுவாங்க? போயிட்டு வர்றேன்னு சொல்லு!"

வாய் முந்திக்கொண்டது. தப்பைக் கேட்டால் திருத்தாமல் இருக்க என்னால் ஆகாது. அதுவும் வீட்டுப் பிள்ளை சொன்னால். அவன் டீச்சர் சொல் தட்டாத பையன். "போயிட்டு வர்றனுங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். ஆடி மாசமும் நாவலும் அவனோடு தெருமுனை திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு கனத்தது, நிம்மதியாகவும் இருந்தது.

சாயங்காலம் கேட் திறந்தது. இந்தத் தடவை கூடவே சில்வானஸும் வந்திருந்தார். பிணம் ஏறிய பஸ்ஸிலேயே தானும் ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார். வருகிற வழியிலேயே தமிழும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கைகால் கழுவச் சொல்லி இலை போட்டேன்.

"குத்துனது ஒருத்தனுங்க. வெசம் வெச்சது ஒருத்திங்க. தள்ளுனது இன்னொருத்தனுங்க," என்றார் சில்வானஸ், ரசத்துக்குச் சாதத்தில் குழி பறித்துக்கொண்டே. "ஆனா ஏவுனது ஒரே ஆளுங்க. அது யாருன்னுதான் தெரியோணும்."

"இவதானுங்க," என்றார் சென்னியப்பன், ரசத்தை ஊற்றியபடி.

"ஆமாங்க, நான்தான்," என்றேன். மறுசோறு போட்டேன்.

அதையே கடைசி அத்தியாயமாக எழுதினேன், நாவல் முடிந்தது. ராக்கியண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "கொலைகாரி எழுதுனவங்களேவா! ஒரு பய கண்டுபுடிக்க மாட்டானுங்க டீச்சர்!" ஆடிக்குள் புத்தகம் வந்தது. அட்டையில் பூங்கோதை, நான் நினைத்ததைவிடத் தடிப்பாக. வெளியீட்டு விழாவுக்குத்தான் போக முடியவில்லை. அன்றைக்கே ரோமாபுரியில் எனக்குத் தண்டனை. சிங்கம்.

"உங்களுக்குப் பதிலா நான் போறனுங்க அக்கா," என்று டெசிமஸ் அழுதான்.

"மறுபடியும் போறேங்கறே பாரு," என்று அதட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். கேட்டருகே திரும்பி, "போயிட்டு வர்றனுங்க," என்றேன்.

"வர்றப்ப கொத்தமல்லித்தழ ஒரு கட்டு வாங்கிட்டு வந்துரு," என்றார் சென்னியப்பன்.

அரங்கத்தில் நல்ல கூட்டம். சிங்கம் அலட்டல் இல்லாமல் தன் வேலையைப் பார்த்தது. எல்லாம் முடிந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினேன். ஒரு இடத்திலிருந்து சும்மா கிளம்பிப் பழக்கமில்லை பாருங்கள். வாசல் வரை வந்தவள் திரும்பி, "அப்ப நான் போயிட்டு வர்றனுங்க," என்று சிங்கத்திடம் சொல்லிவிட்டேன். அது தலையாட்டியது.

இதோ, டெசிமஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் முந்தானைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்கிறான். காலை பஸ் வருவதற்குள் தைத்துவிடுவான். கொத்தமல்லித்தழைதான் மறந்துபோனது. பரவாயில்லை, நாளைக்கும் அந்தப் பக்கம்தானே போகிறேன்.