ஒன்றரை அங்குலச் சுவர்

கொடியேறிய மூன்றாம் நாள் மத்தியானம் சத்தியபாமாவுக்கு அந்த நாற்றம் முதலில் வந்தது. சில்லு வைத்த பலகைக் கரவனுக்குள் படுத்திருந்தாள். கண்ணைத் திறக்காமல் முகர்ந்தாள். மீன். இன்றைய மீன் அல்ல, கெட்டுப்போன மீன்.

எழும்பி விரிப்பை உதறினாள். தலையணையை முகர்ந்தாள். பிறகு தன் கைகளை. கோயில் கொடியேறினால் தேர், தீர்த்தம் முடியும்வரை அந்த வளவுக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வராது. மீன் காய்ச்சும் சட்டிகளைக்கூட வெளியே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அவள் மீனைத் தொட்டு இரண்டு கிழமை இருக்கும்.

வெளியே போய் நின்று பார்த்தாள். அங்கே நாற்றம் குறைவாக இருந்தது. திரும்பி உள்ளே வந்தாள். சுவருக்குக் கிட்டப் போகப்போகக் கூடியது.

வீடு அவர்களுடையதல்ல. புங்குடுதீவின் பல வீடுகளைப் போல அதற்கும் சொந்தக்காரர் கனடாவில் இருந்தார். விநாயகமூர்த்தி. சத்தியபாமாவின் கணவன் குலசிங்கத்துக்குப் பெரியப்பா மகன். வருடம் முழுக்கக் குலசிங்கமும் சத்தியபாமாவும் அங்கே இருந்து வீட்டைப் பார்த்தார்கள். திருவிழாவுக்கு விநாயகமூர்த்தியும் மனைவி சறோஜினிதேவியும் வந்தால் இவர்கள் இருவரும் பின்வளவுக் கொட்டிலுக்குப் போனார்கள். தேங்காய் மட்டையும் விறகும் அடுக்கும் கொட்டில். வீட்டில் அறைகளுக்குக் குறைவில்லை. யாரும் போகச் சொன்னதுமில்லை. முதல் வருடம் குலசிங்கம் தானே பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான். அடுத்த வருடம் அது வழக்கமாகிவிட்டது.

சறோஜினிதேவி வந்து இறங்கியதும் பெட்டியைத் திறந்து ஒரு கிருமிநாசினிப் போத்தலை எடுப்பாள். சத்தியபாமா படுத்த மெத்தையில் அடிப்பாள். ஒளித்து அடிப்பதில்லை. கதவு திறந்தேயிருக்கும்.

போன வருடம் கொட்டிலில் ஒரு எலி சத்தியபாமாவின் கழுத்துக்கு மேலால் ஓடியது. வால் ஈரமாக இருந்தது. விடியும்வரை கழுத்தைத் துடைத்தாள். இனி அங்கே படுக்கமாட்டேன் என்று குலசிங்கத்திடம் சொன்னாள். வேலணையில் தங்கை வீடு இருக்கிறது, போனால் திரும்பி வரமாட்டேன் என்றும் சொன்னாள். அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. அவன் பயந்தான்.

கரவன் அப்படித்தான் தொடங்கியது. பனி கொட்டும் நாடொன்றில் ஒருவன் பலகையால் சில்லு வைத்த சிறு அறை செய்வதைக் குலசிங்கம் போனில் பார்த்தான். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் ஒடுங்கி, விழப்போகும் தண்ணீர்த்துளி போன்ற அறை. உள்ளே மெத்தை மட்டும். அவனிடம் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பழைய இழுவைப்பெட்டி ஒன்று கிடந்தது. பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு அச்சையும் சில்லையும் வைத்துக்கொண்டான்.

சுவர் விஷயத்தில் வந்து முட்டுப்பட்டு நின்றார்கள். சில்லுகளுக்கு இடையில் நாலரை அடிதான் இருந்தது. சுவர் எவ்வளவு மொத்தமோ அவ்வளவு படுக்கை ஒடுங்கும், அதுவும் இரண்டு பக்கத்தாலும். அரை அங்குலப் பிளைவூட் போதும் என்றான் குலசிங்கம். பாரமும் இல்லை, இடமும் கிடைக்கும். ஆவணி வெயிலில் அது அடுப்பாகிவிடும் என்றாள் அவள்.

சோதித்துப் பார்த்தார்கள். அரை அங்குலப் பலகையில் ஒரு சிறு பெட்டி. முக்கால் அங்குலத்தில் ஒன்று. மூன்றாவதற்கு இரண்டு மெல்லிய தகடுகளின் நடுவே ஒன்றரை அங்குல ரெஜிபோம், புதுத் தொலைக்காட்சிக்குச் சுற்றி வந்த வெள்ளை நுரை அட்டை. மூன்றையும் கிணற்றுக்கட்டில் கவிழ்த்து ஒவ்வொன்றின் கீழும் ஒரு கரண்டி மாஜரின் வைத்தாள். வீடியோக்காரன் ஏதேதோ எண்கள் சொன்னான். அவள் மாஜரினைப் பார்த்தாள். முதற்பெட்டியில் அது எண்ணெயாகிக் கிணற்றுக்கட்டில் வழிந்தது. இரண்டாவதில் கொஞ்சம் பிந்தி வழிந்தது. மூன்றாவதில் பின்னேரம்வரை கரண்டியின் அச்சு அழியவில்லை.

படுக்கை மூன்று அங்குலம் ஒடுங்கும், ஆளையாள் முட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும் என்று குலசிங்கம் முறைப்பட்டான். முட்டினால் முட்டட்டும் என்றாள். அவளுக்கு வெயில் மட்டும் காரணமல்ல. கொட்டிலில் படுத்தால் சறோஜினிதேவி விறாந்தையில் நின்று போனில் கதைப்பது கேட்கும். “அதுகள் பின்னாலை கிடக்குதுகள்” என்று ஒருநாள் கேட்டது. மொத்தமான சுவர் வேண்டும். அவளுடைய பக்கத்தில் அவளுடைய சுவர்.

ஒன்று மட்டும் சொன்னாள். ரெஜிபோம் புதிதாக இருக்க வேண்டும். யாரும் பாவித்தது வேண்டாம்.

குலசிங்கம் காலையில் லான்ட்மாஸ்டரில் போய்ப் பொழுதுபட வந்தான். வெள்ளைத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. யாழ்ப்பாணத்து ஹார்ட்வெயாரில் வெட்டி மிஞ்சியவை என்றான். அடுத்த நாள் அவள் வேலணைக்குப் போய் வருவதற்குள் எல்லாவற்றையும் ஒட்டி உட்தகட்டையும் அடித்து மூடிவிட்டான். அவள் உள்ளே இளநீலம் பூசினாள்.

வீதியால் போன ஐஸ்பழ வான்காரன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

“அண்ணை, உதுக்குள்ளை கோழியோ, வாத்தோ?”

“மனுசி” என்றான் குலசிங்கம். இரண்டு பேரும் சிரித்தார்கள். சத்தியபாமாவும் சிரித்தாள்.

ஆனி, ஆடி முழுவதும் அவள் அதற்குள்தான் படுத்தாள். கரவன் வாசற்படலைக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் நின்றது. சோளகக் காற்று ஒரு யன்னலால் வந்து மறு யன்னலால் போனது. பெயின்ற் மணமும் பசை மணமும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

கனடாக்காரர் வந்தார்கள். விநாயகமூர்த்தி சுற்றிவந்து தட்டிப் பார்த்து, பனிக்குள்ளும் இதில் சாகாமல் படுக்கலாம் என்றார். சறோஜினிதேவி படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டோடு சேர்ந்து அதுவும் படத்தில் விழுகிறது, வடிவில்லை என்றாள். குலசிங்கம் உடனே லான்ட்மாஸ்டரை அதில் பூட்டி இழுத்தான். கரவன் பின்வளவு வெட்டைக்குப் போனது. அங்கே மரமில்லை. கொடியேறிய மூன்றாம் நாளுக்கு முன் அது மூன்று முழு வெயில் குடித்திருந்தது.

அடுத்த நாள் சோளகம் நாற்றத்தை வீட்டுக்குள் கொண்டுபோனது.

சத்தியபாமா குசினியில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் சறோஜினிதேவி கோப்பையைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது. இந்த வளவுக்குள் யாரோ மச்சம் காய்ச்சியிருக்கிறார்கள் என்றாள். கடற்காற்று என்று குலசிங்கம் சொல்வான், தீவில் அதைவிட இலகுவான பொய் இல்லை என்று சத்தியபாமா நினைத்தாள்.

“ஓம் மச்சாள்” என்றான் குலசிங்கம். “அவதான். கரவனுக்குப் பின்னாலை வைச்சு ஒரு துண்டுக் கருவாடு சுட்டவ. நான் நல்லாப் பேசிப்போட்டன்.”

விநாயகமூர்த்தி சிரித்தார். வாய் கட்ட ஏலாத சனம் என்றார்.

சத்தியபாமாவின் கையில் கத்தி அப்படியே நின்றது. சறோஜினிதேவி குசினி வாசலுக்கு வந்தாள், உள்ளே வரவில்லை. சீவிய வாழைக்காயைக் கொட்டச் சொன்னாள். தீர்த்தம் முடியும்வரை குசினிப் பக்கம் வரவேண்டாம், அர்ச்சனைத் தட்டையும் தொடவேண்டாம் என்றாள். குரலை உயர்த்தவில்லை. தரையில் கிடக்கும் ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். சத்தியபாமா குலசிங்கத்தைத் தேடினாள். அவன் மேசையில் இருந்து பருப்புக்கறியைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தான்.

அவள் கரவனுக்குப் போனாள். அவனுடைய ஆயுதப்பெட்டியிலிருந்து உளியை எடுத்தாள். நாற்றம் கூடிய இடம் தலைமாடு. தகட்டின் விளிம்பில் உளியைக் கொடுத்து நெம்பினாள். இளநீலம் வெடித்தது. தகடு கையோடு வந்தது.

வெள்ளைத் துண்டுகளின் பொருத்துகளில் மண்ணிறமாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. நடுவில் இன்னும் காயவில்லை. விரலால் தொட்டாள். இழுபட்டது. விரலில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. ஒரு துண்டின் ஓரத்தில் மூடி பொருந்தும் பள்ளம் அப்படியே இருந்தது. அது என்ன பெட்டியென்று தீவில் யாருக்கும் தெரியும். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் ஐஸ் போட்டு மீன் அடுக்கும் பெட்டி. உடைந்தால் பின்னால் எறிவார்கள். அங்கே நாய் படுத்திருக்கும், இலையான் மொய்க்கும்.

அதன் பக்கம் தலைவைத்து இரண்டு மாதம் படுத்திருக்கிறாள். விரலை விரிப்பில் துடைத்தாள்.

குலசிங்கம் ஒரு சிரட்டையில் தணலும் சாம்பிராணியுமாக வந்தான். உடைந்த தகட்டைப் பார்த்தான். சிரட்டையைக் கீழே வைத்தான். புகை எழும்பி நாற்றத்தோடு கலந்தது. இப்போது அது இன்னும் மோசமாக இருந்தது.

அவன் எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தான். கடையில் மெல்லியதுதான் இருந்தது. மீன்பெட்டியின் சுவர் சரியாக ஒன்றரை அங்குலம், இறுக்கமானது. சவர்க்காரத் தூளும் சுண்ணாம்பும் போட்டுக் கழுவித்தான் ஒட்டினான். அவள் கேட்ட மொத்தம்தானே. உண்மையைச் சொன்னால் கரவன் முழுக்க மச்சம், இன்றைக்கே படலைக்கு வெளியே தள்ளச் சொல்வார்கள். பிறகு அவள் எங்கே படுப்பாள்? கருவாடென்றால் ஒருநாள் பிழை. மஞ்சள் தண்ணீர் தெளித்தால் முடிந்தது. அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னான்.

“கோயிலுக்கு வெளிக்கிடமுதல் வந்து ஒருக்கா மன்னிப்புக் கேளும்” என்றான். “மச்சாள் லேசிலை சமாதானமாகீடுவா.”

அவன் மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. பேசப்பேச அது அசைந்தது. இதனோடுதான் இந்த ஒடுக்கமான படுக்கையில் முட்டிக்கொண்டு கிடந்தேன் என்று நினைத்தாள். எலியின் வால் பரவாயில்லை என்று பட்டது.

சுவரிலிருந்து ஒரு துண்டைப் பிடித்து இழுத்தாள். பசை விடவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். கையகலத்துக்கு வந்தது. இதைக் காட்டினால் இரவுக்கு இந்தப் படுக்கை இருக்காது. அது அவளுக்குத் தெரியும்.

விறாந்தையில் விநாயகமூர்த்தி பட்டுவேட்டியோடு கதிரையில் இருந்தார். சறோஜினிதேவி தட்டில் பூவை அடுக்கிக்கொண்டிருந்தாள். குலசிங்கம் சத்தியபாமாவுக்கு முன்னால் ஓடிப்போய் வழியை மறிக்கப் பார்த்தான். பிறகு விட்டான், சிரித்துக்கொண்டு ஓரமாக நின்றான். அவர்கள் அவள் மன்னிப்புக் கேட்க வருவதாக நினைத்திருக்க வேண்டும். சறோஜினிதேவி முகத்தைத் தயாராக வைத்திருந்தாள்.

சத்தியபாமா வெள்ளைத் துண்டைப் பூத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஈரப்பக்கம் மேலே இருந்தது. விநாயகமூர்த்தி மூக்கைப் பொத்தினார். சறோஜினிதேவி தட்டை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

சத்தியபாமா அவர்களைப் பார்க்கவில்லை. குலசிங்கத்தைப் பார்த்தாள்.

“நான் சுட்ட கருவாடு எது? அவைக்குக் காட்டுங்கோ.”