கோடு விழாத நான்கு எண்கள்

இறந்து மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம் ஆன பிறகும் ரயில்வே கேட் கீப்பர் போனில் எண் சொல்லியிருக்கிறார். ஸ்டேஷன் பதிவேடு அப்படித்தான் சொன்னது.

ரயில் வருமுன் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்குப் போன் செய்வார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, தன்னிடம் மட்டும் இருக்கும் தாளிலிருந்து அடுத்த எண்ணைச் சொல்லி, அதன்மேல் கோடு போடுவார். அந்த எண் பதிவேட்டில் ஏறினால்தான் சிக்னல்.

பகல் பன்னிரண்டுக்கே இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். அதன் பிறகு நான்கு ரயில்கள். நான்காவது, திறந்து கிடந்த கேட்டில் பால் வேனை இடித்தது. டிரைவர் பிழைக்கவில்லை. பதிவேட்டில் நான்கு எண்களும் இருந்தன.

ரயில்வே பாதுகாப்பு ஆணையத்தில் நான் உதவி ஆய்வாளர்.

"டாக்டர் டைம் தப்பா போட்டிருப்பாரு. மூடாமலே மூடிட்டேன்னு சொல்லிட்டான்னு எழுதி முடிம்மா," என்றார் ஆணையர்.

எழுதினால் பழி இறந்தவர்மேல். மனைவிக்குப் பென்ஷன் கிடையாது.

விசாரித்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்தார். "செத்தும் டூட்டி பாத்தவனுக்கு ஓவர்டைமுல்ல குடுக்கணும்!"

விபத்து நடந்து பதினோராம் நாள் காலை, கேட் அறையின் முத்திரையை உடைத்தேன். இறந்தவரின் மனைவி வாசலிலேயே நின்றார்.

"அவருக்குப் பொய் சொல்ல வராதும்மா. மூஞ்சியே காட்டிக்குடுத்துரும்."

"உள்ள வாங்கக்கா."

தாள் மேஜையில் இருந்தது. பதிவேட்டில் இருந்த அதே நான்கு எண்கள் அதிலும் வரிசையாக இருந்தன; அவற்றின்மேல் கோடு இல்லை. யாரும் சொல்லாத எண்கள்.

பக்கத்தில் இருந்த போன் ஸ்டேஷனுக்கு மட்டும் போகும். கைப்பிடியைச் சுற்றினேன். கேட்க வேண்டியதை மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தும், ஸ்டேஷன் மாஸ்டர் எடுத்ததும் வாய் வரவில்லை.

"யாரு? அந்த ரூம் சீல் வெச்சிருக்கே!"

இறந்தவரின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அது நீளமாக முனகியது. அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு மெல்ல வந்து போனில் காது வைத்தார்.

மறுமுனையில் ஸ்டேஷன் மாஸ்டரின் குரல் இறங்கியது.

"டேய்… அது உன் நாற்காலி சத்தம்தானே?"

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"நம்பர் சீட்டு என் கை வழியாத்தான் உங்கிட்ட வரும். அதுக்கு ஒரு காப்பி எடுத்து வெச்சிருந்தேன். நீ கேட்ட மூடியிருப்பேன்னு நெனச்சு நானே நம்பர் எழுதிட்டேன்டா. நாலு ரயிலுக்கும் போன் அடிச்சேன். ஒரு தடவைகூட நீ எடுக்கல."